தப்பு விடையே தடயம்: நிரல் பயிற்சிக் கேள்விகளில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது எப்படி

பயிற்சிக் கேள்விக்கு எழுதிய நிரல் தப்பான விடை தந்தால், பெரும்பாலோர் உடனே ஏதாவது ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு முன் அந்தத் தப்பு விடையை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். 55 வர வேண்டிய இடத்தில் 45 வந்தால் அதற்கு ஒரு காரணம். 12 வர வேண்டிய இடத்தில் 57 வந்தால் அதற்கு வேறு காரணம். கோளாறு எந்த வரியில் இருக்கிறது என்பதை அந்த எண்ணே பாதி சொல்லிவிடும்.

எடுத்துக்காட்டுகள் பைத்தான் மொழியில். சி மொழி வேறுபடும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம். கட்டளைச் சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில் உள்ளன. தட்டும்போது மொழிக்குரிய ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். மாறிகளின் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்.

அறிகுறி: ஓடவே இல்லை, சின்டாக்ஸ் எரர் வருகிறது

எரர் செய்தியில் வரும் வரி எண், கணினி தடுக்கி விழுந்த இடம். தடுக்கிய கல் பெரும்பாலும் அதற்கு முந்தைய வரியில் கிடக்கும். அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டால், பழைய பைத்தான் பதிப்புகள் அடுத்த வரியைக் குற்றம் சொல்லும். 3.10 முதல் எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்றே செய்தி வருகிறது. காட்டிய வரியில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை என்றால், ஒரு வரி மேலே போய் அடைப்புக்குறிகளை எண்ணுங்கள்.

அடுத்து இஃப், எல்ஸ், ஃபார், வைல், டெஃப் வரிகளின் கடைசியில் முக்காற்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் இன்டென்டேஷன், அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி. டேப், ஸ்பேஸ் இரண்டும் கலந்த நிரல் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் ஓடாது. எடிட்டரின் அமைப்பில் டேப்பை 4 ஸ்பேஸாக மாற்றும் வசதியை ஒருமுறை போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆவணத்திலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ நகல் எடுத்த நிரலில் மட்டும் வரும் கோளாறு ஒன்று உண்டு: நேரான மேற்கோள் குறிக்குப் பதில் வளைந்த குறி, கழித்தல் குறிக்குப் பதில் நீளமான கோடு. செல்லாத எழுத்து என்று எரர் வந்தால் அந்தக் குறியை அழித்து விசைப்பலகையில் மறுபடி தட்டுங்கள். சி மொழியில் ஒரே ஒரு அரைப்புள்ளியோ அடைப்போ விட்டுப்போனால்கூடப் பத்துப் பதினைந்து எரர் வரிசை கட்டும். முதல் எரரை மட்டும் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்யுங்கள், மற்றவற்றில் பல தாமே போய்விடும்.

அறிகுறி: 5, 7 கொடுத்தால் 57 வருகிறது

இன்புட்() எதைக் கொடுத்தாலும் சரமாகத்தான் (எழுத்துகளின் தொடராகத்தான்) வாங்கும். சரங்களுக்கு நடுவில் கூட்டல் குறி வந்தால் அது ஒட்டும் வேலையைச் செய்யும். எண்ணாக மாற்ற வேண்டும்:

அ = இன்ட்(இன்புட்())

இதே நோயின் மற்ற முகங்கள் அவ்வளவு வெளிப்படையாக இருக்காது. '5' * 3 என்பது 15 ஆகாமல் 555 ஆகும். '9' > '100' என்று கேட்டால் உண்மை என்று வரும், ஏனென்றால் சரங்கள் அகராதி வரிசையில் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடப்படுகின்றன. எண்களை வரிசைப்படுத்தும் கேள்வியில் 1, 10, 100, 2, 25 என்று வந்தால் லிஸ்ட்டுக்குள் இருப்பவை சரங்கள். சந்தேகம் வந்தால் டைப்(அ) என்பதை அச்சிட்டுப் பாருங்கள், ஊகிக்கத் தேவையில்லை.

இன்ட்() போட்ட பிறகு வேல்யூ எரர் வருகிறதா? ஒரே வரியில் இரண்டு எண்கள் கொடுக்கப்பட்டிருக்கும், அல்லது 12.5 போன்ற தசம எண் வந்திருக்கும். முதலாவதற்கு:

அ, ஆ = மேப்(இன்ட், இன்புட்().ஸ்ப்லிட்())

இரண்டாவதற்கு இன்ட்டுக்குப் பதில் ஃப்ளோட்.

அறிகுறி: விடை ஒன்று கூடுதலாக அல்லது ஒரு சுற்று குறைவாக வருகிறது

1 முதல் 10 வரை கூட்டச் சொன்ன கேள்வியில் 45 வந்தால், 55இலிருந்து சரியாக 10 குறைகிறது. அதாவது கடைசி எண் சேரவில்லை.

கூட்டு = 0
ஃபார் எண் இன் ரேஞ்ச்(1, 10):
    கூட்டு = கூட்டு + எண்
பிரிண்ட்(கூட்டு)

ரேஞ்ச்(1, 10) என்பது 9இலேயே நின்றுவிடும், முடிவு எண் அதில் சேராது. ரேஞ்ச்(1, 11) வேண்டும். எதிர்த்திசையிலும் அதே கதைதான்: 10 முதல் 1 வரை இறங்க ரேஞ்ச்(10, 0, -1).

விடை எவ்வளவு குறைகிறது அல்லது கூடுகிறது என்று கழித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே நிறைய உதவும். வித்தியாசம் முதல் உறுப்புக்குச் சமமா, கடைசி உறுப்புக்குச் சமமா? முதல் உறுப்பு விட்டுப்போயிருந்தால், 0இலிருந்து தொடங்க வேண்டிய சுட்டெண்ணை (உறுப்பின் இட எண்ணை) 1இலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். n உறுப்புகள் உள்ள லிஸ்ட்டில் கடைசிச் சுட்டெண் n-1. அங்கே n என்று போட்டால் பைத்தான் இன்டெக்ஸ் எரர் தந்து நின்றுவிடும். சி நிற்காது. அணிக்கு (சியில் லிஸ்ட்டின் இடத்தில் இருப்பது) வெளியே இருக்கும் நினைவகத்தைப் படித்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், சில சமயம் சரியான விடைகூட வரும். ஆகவே சியில் விடை சரியாக இருந்தாலும் லூப்பின் எல்லையை ஒருமுறை சரிபாருங்கள்.

பக்கத்துப் பக்கத்து உறுப்புகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் பபிள் சார்ட் கேள்வியில் இன்டெக்ஸ் எரர் வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றே. லிஸ்ட்[ஜே] உடன் லிஸ்ட்[ஜே+1]ஐ ஒப்பிடுகிறோம், எனவே உள் லூப் ரேஞ்ச்(n-1-ஐ) என்று முடிய வேண்டும். ரேஞ்ச்(n) என்று விட்டால் கடைசிச் சுற்றில் இல்லாத உறுப்பைத் தொடும்.

இன்னும் புரியவில்லையென்றால் தாளை எடுங்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நெடுவரிசை, லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரிசை. உள்ளீடு சிறியதாக இருக்கட்டும்: 10 உறுப்புக்குப் பதில் 3. நிரல் என்ன செய்ய வேண்டும் என்று மனதில் இருப்பதை எழுதாதீர்கள், எழுதியிருக்கும் வரி என்ன செய்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். எழுதியவரே சரிபார்க்கும்போது கண் தன் எண்ணத்தையே படிக்கும், இந்த அட்டவணையின் பயனே அதைத் தடுப்பதுதான். கையால் எழுதப் பொறுமை இல்லையென்றால் லூப்புக்குள் முதல் வரியாக ஒரு பிரிண்ட் போட்டு எல்லா மாறிகளையும் காட்டச் சொல்லுங்கள்.

அறிகுறி: நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது

கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள். பிறகு வைல் வரியில் உள்ள நிபந்தனையைப் பாருங்கள். அதில் வரும் மாறி லூப்புக்குள் மாறுகிறதா? எந்த வழியில் போனாலும் மாறுகிறதா? இரண்டாவது கேள்விதான் பலரையும் சிக்க வைப்பது. ஐ = ஐ + 1 என்ற வரி இருக்கும், ஆனால் அது இஃப்புக்குள் இருக்கும்; அல்லது அதற்கு மேலே ஒரு கன்டின்யூ இருந்து அந்த வரியைத் தாண்டிவிடும். ஃபார் லூப்பில் கன்டின்யூ இந்தச் சிக்கலைத் தராது, வைலில் தரும்.

சி மொழியில் வைல் (...) என்ற வரியின் கடைசியில் தவறி ஒரு அரைப்புள்ளி விழுந்தால், அந்த அரைப்புள்ளியே லூப்பின் உடலாகிவிடும். திரையில் ஒன்றும் வராது, நிரலும் முடியாது. அதே அரைப்புள்ளி ஃபார் வரியில் விழுந்தால் உடல் ஒரே ஒரு முறை ஓடும்.

தசம எண்ணால் லூப்பை நிறுத்தப் பார்ப்பது இன்னொரு பொறி:

க = 0
வைல் க != 1:
    க = க + 0.1

இது நிற்காது. 10 முறை கூட்டிய பிறகு க-வின் மதிப்பு 0.9999999999999999, அடுத்த சுற்றில் 1ஐத் தாண்டிவிடும். பத்தில் ஒன்றை இரும எண்ணில் முடிவாக எழுத முடியாது. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப் போனால் 0.333... என்று நீள்வது போலத்தான் இதுவும். அதனால்தான் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004 என்று வருகிறது. எண்ணிக்கையை முழு எண்ணில் வைத்துக்கொண்டு தேவைப்படும் இடத்தில் 10ஆல் வகுங்கள். இரண்டு தசம எண்கள் சமமா என்று பார்க்க, வித்தியாசத்தின் தனிமதிப்பு 0.000000001ஐ விடக் குறைவா என்று கேளுங்கள்.

வரிசைப்படுத்திய லிஸ்ட்டை ஒவ்வொரு சுற்றிலும் பாதியாக்கித் தேடும் இருமத் தேடல் சில எண்களுக்கு மட்டும் நிற்காமல் ஓடினால், கீழ் = நடு என்று எழுதியிருப்பீர்கள். கீழ் 3, மேல் 4 என்றால் நடுவும் 3; எத்தனை சுற்று போனாலும் கீழ் அங்கேயே நிற்கும். கீழ் = நடு + 1, மேல் = நடு - 1 என்பதே சரி. 1000 உறுப்புகளில் தேட அதிகபட்சம் 10 சுற்று போதும், அதற்கு மேல் போனால் எல்லை சுருங்கவில்லை என்று பொருள். தேடும் எண் லிஸ்ட்டில் இருந்தும் இல்லை என்று சொன்னால், லிஸ்ட் வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அறிகுறி: எதைக் கொடுத்தாலும் இஃப் உண்மை என்கிறது

இஃப் தேர்வு == 1 ஆர் 2 என்று எழுதினால், கணினி அதை (தேர்வு == 1) ஆர் (2) என்று படிக்கும். 2 பூஜ்யம் அல்ல, ஆகவே எப்போதும் உண்மை. தேர்வு == 1 ஆர் தேர்வு == 2 என்று முழுதாக எழுதுங்கள். சி மொழியில் இஃப் (அ = 5) என்று ஒரே சமக்குறி போட்டால், ஒப்பிடாமல் 5ஐ அ-வில் வைத்துவிட்டு உண்மை என்று போகும். கம்பைலரின் எச்சரிக்கைகளை முழுவதும் காட்டச் சொன்னால் இதைப் பிடித்துத் தரும்.

90 மதிப்பெண்ணுக்கும் 45 மதிப்பெண்ணுக்கும் ஒரே தரம் வருகிறதா? படிகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது. மதிப்பெண் >= 40 என்பதை முதலில் கேட்டால் 90உம் அங்கேயே நின்றுவிடும். பெரிய எல்லையை மேலே வையுங்கள்.

லீப் ஆண்டுக் கேள்வியில் 1900ஐக் கொடுத்துப் பாருங்கள். லீப் என்று வந்தால் 100இன் விதி விட்டுப்போயிருக்கிறது. 2000ஐக் கொடுத்து லீப் அல்ல என்று வந்தால் 400இன் விதி விட்டுப்போயிருக்கிறது. 1900, 2000, 2023, 2024 ஆகிய நான்கும் சரியாக வந்தால் இந்த நிரலை நம்பலாம்.

அறிகுறி: பகா எண் கேள்வியில் தவறான எண்கள் பகா எண் ஆகின்றன

எந்த எண்கள் தவறுகின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். 1 முதல் 50 வரை ஓட்டினால் போதும்.

9, 15, 21, 25 என்று எல்லா ஒற்றைப்படை எண்களும் பகா எண்ணாக வந்தால், முடிவை அவசரப்பட்டு எடுக்கிறீர்கள். லூப்புக்குள் எல்ஸ் போட்டு அங்கேயே பகா எண் என்று சொல்லிவிடுவதால், 2ஆல் வகுபடாத உடனேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. வகுபட்டால் லூப்புக்குள்ளேயே இல்லை என்று சொல்லலாம், ஆம் என்று சொல்ல லூப் முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

4, 9, 25, 49 மட்டும் தவறாக வந்தால், அவை பகா எண்களின் வர்க்கங்கள். நிபந்தனை ஐ * ஐ < n என்று இருக்கிறது, <= வேண்டும். 15உம் 21உம் சரியாக வருவதே இதற்குச் சாட்சி.

4, 6, 8 என எல்லாமே தவறினால் லூப் ஓடவே இல்லை. 1 மட்டும் தவறினால் தனியாக ஒரு இஃப் சேருங்கள்.

ஒரே கேள்வி, ஒரே தலைப்பு; ஆனால் எந்த எண்கள் தவறுகின்றன என்பதைப் பொறுத்துத் திருத்த வேண்டிய வரி மாறுகிறது.

அறிகுறி: மிகப் பெரிய எண் 0 என்று வருகிறது

லிஸ்ட்டில் -7, -3, -9 இருக்கும், விடை 0 வரும். தொடக்க மதிப்பை 0 என்று வைத்ததால் எந்தக் குறை எண்ணும் அதை வெல்லவில்லை. மிகச் சிறிய எண் கேள்வியிலும் இதே தவறு, அங்கே குறை எண் இல்லாவிட்டாலே 0 வந்துவிடும். தொடக்க மதிப்பாக லிஸ்ட்டின் முதல் உறுப்பை வையுங்கள். இரண்டாவது பெரிய எண் கேட்டால், 5, 5, 3க்கு விடை 5ஆ 3ஆ என்று கேள்வியை மறுபடி படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

அறிகுறி: விடைக்குக் கீழே ‘நன்’ அச்சாகிறது

ஃபங்ஷன் விடையை அச்சிடுகிறது, ஆனால் திருப்பித் தரவில்லை. ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன் நன் (None, ‘ஒன்றுமில்லை’) என்ற மதிப்பைத் தரும்; வெளியே அதற்கும் ஒரு பிரிண்ட் இருப்பதால் அது திரைக்கு வருகிறது. உள்ளே இருக்கும் பிரிண்ட்டை ரிட்டர்ன் ஆக்குங்கள்.

புதிய = பழைய.சார்ட்() என்று எழுதினாலும் நன் வரும். சார்ட்() அந்த லிஸ்ட்டையே வரிசைப்படுத்திவிட்டு ஒன்றும் தராது. புதிய லிஸ்ட் வேண்டுமென்றால் சார்ட்டட்(பழைய). சரங்களில் நேர் எதிர்: பெயர்.அப்பர்() பெயரை மாற்றாது, மாற்றிய நகலைத் தரும். அதை ஒரு மாறியில் வாங்காவிட்டால் காணாமல் போகும்.

அறிகுறி: ஒரு லிஸ்ட்டை மாற்றினால் இன்னொன்றும் மாறுகிறது

ஆ = அ என்று எழுதினால் நகல் உருவாகாது, ஒரே லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர் ஆகும். ஆ = அ.காப்பி() வேண்டும். வரிசையும் நெடுவரிசையும் கொண்ட அணிக் கேள்விகளில் [[0] * 3] * 3 என்று 3 வரிசை உருவாக்கினால், மூன்றும் ஒரே வரிசை. ஒரு கட்டத்தில் 1 வைத்தால் அந்த நெடுவரிசை முழுக்க 1 ஆகிவிடும். ஒவ்வொரு வரிசையையும் ஃபார் வைத்துத் தனித்தனியாக உருவாக்க வேண்டும்.

இரட்டைப்படை எண்களை நீக்கச் சொன்ன கேள்வியில் [2, 4, 6, 8] கொடுத்து [4, 8] மிஞ்சினால், லிஸ்ட்டின் மீது ஓடிக்கொண்டே அதிலிருந்து நீக்குகிறீர்கள். 2ஐ நீக்கியதும் 4 முதல் இடத்துக்கு நகர்கிறது, லூப்போ இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. வேண்டியவற்றை மட்டும் புதிய லிஸ்ட்டில் சேர்ப்பதே சுலபம்.

அறிகுறி: தற்சுழற்சி ஃபங்ஷன் ஆயிரம் ஆழத்தில் விழுகிறது

தற்சுழற்சி ஃபங்ஷன் தன்னையே அழைக்கும். ரிகர்ஷன் எரர் வந்தால், அந்த அழைப்புகளின் ஆழம் பைத்தானின் இயல்பு எல்லையான 1000ஐ எட்டிவிட்டது. அந்த எல்லையை உயர்த்தும் யோசனை இணையத்தில் நிறையக் கிடைக்கும். தொடக்கநிலைக் கேள்விகளில் அது ஏறக்குறைய எப்போதும் தவறான மருந்து. நிறுத்தும் நிபந்தனையைப் பாருங்கள். இஃப் n == 0 என்று மட்டும் இருந்தால் -1 கொடுத்தவுடன் அது 0ஐத் தொடாமல் கீழே இறங்கிக்கொண்டே போகும். நிபந்தனை சரியென்றால், உள் அழைப்பில் n-1க்குப் பதில் n என்றே எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

முழு எண்ணையும் நன் வகையையும் பெருக்க முடியாது என்று டைப் எரர் வந்தால், ஒரு கிளையில் ரிட்டர்ன் விட்டுப்போயிருக்கிறது.

முந்தைய இரண்டு எண்களைக் கூட்டி அடுத்ததைப் பெறும் ஃபிபனாச்சி சரியான விடை தருகிறது, ஆனால் 40க்கு மேல் வரவே மாட்டேன் என்கிறது என்றால் நிரலில் பிழை இல்லை, முறையே அப்படி. ஒவ்வொரு அழைப்பும் இரண்டாகப் பிரிவதால் 30ஆவது எண்ணுக்கே 26,92,537 அழைப்புகள் போகின்றன. கண்ட விடைகளை ஒரு டிக்‌ஷனரியில் போட்டு வைத்தால் 0 முதல் 30 வரை 31 மதிப்புகளை மட்டும் கணக்கிட்டால் போதும்.

அறிகுறி: பைத்தானில் சரி, சி மொழியில் தவறு

12இன் தொடர்பெருக்கம் (1 முதல் 12 வரை பெருக்கிய விடை) 47,90,01,600 வரை சரியாக வரும். 13க்கு 6,22,70,20,800 வர வேண்டும். வழக்கமாகத் திரையில் வருவது 1,93,20,53,504. 32 பிட் முழு எண்ணின் மேல் எல்லை 2,14,74,83,647. அதைத் தாண்டிய பகுதி வெட்டுப்படுகிறது. எரர் எதுவும் இல்லை, விடையும் பார்க்க நியாயமான எண்ணாக இருக்கிறது, அதனால்தான் இது கண்ணில் படுவதில்லை. லாங் லாங் போட்டால் 20 வரை தாங்கும். இருமத் தேடலில் (கீழ் + மேல்) / 2 என்று எழுதினாலும் பெரிய அணியில் இதே வெட்டு விழும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தக் குறை பல ஆண்டுகள் இருந்து 2006இல்தான் பரவலாகத் தெரியவந்தது.

5, 8இன் சராசரி 6 என்று வந்தால், முழு எண்ணை முழு எண்ணால் வகுத்திருக்கிறீர்கள். 2க்குப் பதில் 2.0 போடுங்கள். குறை எண்களில் இரு மொழிகளும் வேறு வேறு: -7ஐ 3ஆல் வகுத்த மீதி பைத்தானில் 2, சியில் -1. ஆகவே சியில் n % 2 == 1 என்று ஒற்றைப்படை பார்த்தால் -7 தப்பிவிடும், n % 2 != 0 என்று கேளுங்கள்.

அறிகுறி: மாதிரி உள்ளீட்டுக்குச் சரி, தானியங்கிச் சோதனையில் தோல்வி

முதலில் வெளியீட்டின் வடிவம். இன்புட்('எண்ணைத் தருக: ') என்று எழுதினால் அந்த வாசகமும் வெளியீட்டில் கலந்துவிடும். சோதிக்கும் நிரல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் விடை சரியாக இருந்தும் தவறு என்று வரும். வெறும் இன்புட்() போதும். 3 கேட்டால் 3.0 தருவதும் இதே வகை. முழு எண் விடைக்கு / வேண்டாம், // போடுங்கள்.

பிறகு ஓரங்கள். காலி லிஸ்ட், ஒரே உறுப்பு, எல்லாம் ஒரே மதிப்பு, 0, குறை எண், கேள்வியில் சொன்ன மேல் எல்லை. இந்த ஆறையும் நீங்களே கொடுத்துப் பாருங்கள். சராசரிக் கேள்வியில் காலி லிஸ்ட் வந்தால் 0ஆல் வகுக்கும் எரர் வரும் என்பதைப் பலரும் சமர்ப்பித்த பிறகுதான் காண்கிறார்கள்.

நேரம் கடந்தது என்று வந்தால் உள்ளீட்டின் மேல் எல்லையை வைத்துக் கணக்குப் போடுங்கள். 1,00,000 எண்களில் ஏதேனும் இரண்டு சமமா என்று ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தால் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள். பைத்தான் ஒரு வினாடியில் செய்யும் எளிய செயல்கள் சில கோடி அளவில்தான் இருக்கும், ஆக இது நிமிடக்கணக்கில் ஓடும். கண்ட எண்களை ஒரு செட்டில் (ஒரு மதிப்பு உள்ளே இருக்கிறதா என்று உடனே சொல்லும் தொகுப்பில்) போட்டுக்கொண்டே போனால் ஒரு லட்சம் தேடல்களில் முடியும். ஒற்றை லூப்தானே இருக்கிறது என்று தோன்றினால் அதற்குள் ‘இஃப் எண் இன் லிஸ்ட்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். லிஸ்ட்டில் இன் என்று கேட்பதே தலையிலிருந்து கடைசிவரை நடக்கும் இன்னொரு லூப். அந்த லிஸ்ட்டை லூப்புக்கு முன்பே செட்டாக மாற்றினால் பெரும்பாலும் மற்ற வரிகளைத் தொடாமலே நேரம் இறங்கும்.